எலியின் நாடியும் நம் அரிசியும்

குற்றாலத்தினின்றும் இழிந்து வரும் சிற்றாற்று நீரால் தென்காசி வயல்களில் நெல் விளைகின்றது. அந்நெல்லின் சத்தை ஓர் எலியின் இருதயம் அளந்து கூறும் என்றால் வியப்பன்றோ!

நெல்லின் தவிட்டிலும் முளைப்பகுதியிலும் 'பி1' என்னும் ஜீவசத்து உள்ளது. அது குறையின், மக்களுக்குப் பெரிபெரி என்னும் நோய் தோன்றும். இருதயம் தளர்ந்து மூச்சுத் திணறலும் நேரும். எலிக்கோ நாடி மந்தமாகும். நிமிஷத்துக்கு ஏறத்தாழ 500 முறை துடிக்கும் அதன் இருதயம் 350 அளவுக்கு இறங்கிவிடும். இத்துணை விரைவை விரல்வைத்து எண்ணுதல் அரிது. ஆதலின், துடிப்பில் எழும் நுண்ணிய மின்சாரத்தைக் கருவியொன்று கோடுகளாக வரைய, அவற்றை எண்ணினர். பின்னர், ஆராய வேண்டிய உணவை அவ்வெலிக்கு ஊட்டினர். துடிப்பு எவ்வளவு உயர்ந்தது, எத்தனை நாள் நிலைத்தது என்பவற்றால் சத்தின் அளவு புலனாயிற்று. 1934-இல் பர்ச், ஹாரிஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் இம்முறையை வகுத்தனர்.

நம் குன்னூரிலும் மக்காரிசன் என்பார் பல நாட்டு உணவுகளை எலிகளுக்கு ஊட்டி, சென்னை மாகாணத்து அரிசியுணவை உண்டவை மெலிந்திருக்கக் கண்டார்.

நெல்லைப் புழுக்குங்கால் தவிட்டின் சத்து அரிசிக்குள் ஊறிவிடும். பின் தீட்டினும் பெரும்பகுதி நிற்கும். வெண்மையை விரும்பிப் பச்சரிசியை மிகத் தீட்டியும், கஞ்சியை வடித்துக் கொட்டியும் நாம் இழப்பது யாதென்பதை, வாய்பேசா அச்சிற்றுயிர் தன் நாடியால் நமக்கு உணர்த்துகின்றது.