பொனற்றைத் தாங்கும் வாயு

பொத்துவிலை அடுத்த அறுகம்பேயில் கடற்காற்று வீசும்போது, மோட்டார் வண்டியின் பொனற்றை ஒற்றைக் கோலால் முட்டுக்கொடுத்துவிட்டு அதன்கீழ்த் தலையை நீட்டுவதற்குத் துணிவு வேண்டும். அக்கோலுக்குப் பதிலாக வாயுத் தாங்கிகளைப் பூட்டுவோரும் உளர்.

நேயர்களே, இத்தாங்கியின் உருளைக்குள் அடைபட்டிருப்பது மிகுந்த அழுத்தமுடைய நைதரசன் வாயு. உடன் சிறிது எண்ணெயும் உண்டு. வாயு தண்டை வெளியே தள்ள, பொனற் உயர்ந்து நிற்கின்றது. பொனற்றை மூடும்போது தண்டு கீழ்நோக்கி அமைதல் வேண்டும். எண்ணெய் அடைப்பை நனைத்துக் காப்பது அப்போதுதான். அளவுக்கு மிஞ்சிய வலுவுள்ள தாங்கியோ பொனற்றின் தகட்டையே வளைத்துவிடும்.

உப்புக்காற்றினால் தண்டு துருவேறினால், அத்துரு அடைப்பை அராவும். வாயு மெல்லக் கசியும். ஒரு நாள் பொனற் தலைமேல் இறங்கும். ஆகையால் பழைய கோலை வீசிவிடாதீர்கள். வலுவிழந்த தாங்கியிலும் அழுத்தம் எஞ்சியிருக்கும். அதனை அறுக்கவோ நெருப்பிலிடவோ கூடாது.