கடலைப் புண்ணாக்கும் வளர்ப்பு மீனின் கல்லீரலும்

நிலக்கடலை விளையும் ஆலங்குடி போன்ற வட்டாரங்களில், பண்ணைக்குட்டைகளில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்களுக்குக் கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் கலந்த தீவனமே எளிதில் கிடைப்பதாகும். செரித்த உணவின் சத்தைச் சேமிப்பது, கொழுப்பைப் பிற உறுப்புகளுக்கு அனுப்புவது, நச்சை முறிப்பது ஆகிய மூன்று பணிகளையும் மீனின் கல்லீரலே ஏற்பதால், தீவனத்தின் குறை அவ்வுறுப்பையே முதலில் தாக்குகிறது.

பூஞ்சணம் விடும் நஞ்சு

அறுவடைக்குப் பின் சரியாகக் காயாத கடலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் படர்ந்து, அஃப்ளாடாக்சின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மடிந்தபோதுதான் ஆய்வாளர்களின் கவனம் இதன்மேல் திரும்பியது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் வானவில் டிரவுட் மீன்களிடையே பரவிய கல்லீரல் புற்றுநோய்க்கும், தீவனத்தில் சேர்ந்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலிருந்த இந்நச்சே காரணமெனப் பின்னர் தெரிந்தது. கெண்டை மீன்கள் டிரவுட்டை விடத் தாங்கும் திறன் உடையவை எனினும், நாள்தோறும் சிறுகச் சிறுக உட்செல்லும் நச்சு அவற்றின் வளர்ச்சியையும் நோயெதிர்ப்பையும் குன்றச் செய்கிறது.

கடலையை ஆட்டும்போது நச்சின் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுவதும், ஊறவைப்பதாலோ வேகவைப்பதாலோ அது அழியாததும் பண்ணையாளர் அவசியம் அறிய வேண்டியவை. சொத்தையும் சுருங்கலுமான பருப்பை ‘எப்படியும் செக்குக்குத்தானே போகிறது’ என்று ஒதுக்காமல் விடும் வழக்கம், அந்த நச்சை நேரே குட்டைக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது.

காறிய தவிடு

அரைவையின்போது வெளிப்படும் நொதிகளால் பச்சரிசித் தவிட்டின் எண்ணெய் விரைவில் சிதைந்து காறல் நெடி வீசத் தொடங்கும்; நெல்லை அவிக்கும் சூட்டில் அந்நொதிகள் செயலிழந்துவிடுவதால் புழுங்கலரிசித் தவிடு கூடுதல் நாள் தாங்கும். காறிய கொழுப்பு, உயிரணுக்களைக் காக்கும் வைட்டமின் ஈ சத்தைத் தீர்த்துவிடுவதால், செம்பழுப்பாக இருக்க வேண்டிய கல்லீரல் வெளிறி, மஞ்சள் பாய்ந்து, கொழுப்பேறிப் போகிறது.

துணைச்சத்துகளின் பங்கு

கடலைப் புரதத்தில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. கல்லீரலிலிருந்து கொழுப்பை வெளியேற்ற உதவும் கோலினை உடல் ஆக்கிக்கொள்வதற்கும் அதுவே தேவைப்படுகிறது. ஆகவே புண்ணாக்கை மட்டும் நம்பிய தீவனத்தில் மெத்தியோனின், கோலின், வைட்டமின் ஈ ஆகியவற்றைச் சேர்ப்பதற்கு உறுதியான காரணம் உண்டு. பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சி-யைத் தாமே உற்பத்தி செய்ய இயலாததால் அதுவும் தேவை. வைட்டமின் சி-யின் சாதாரண வகை சூட்டில் சிதைவதால், தீவனத்தை வேகவைப்போர் ஆறிய பின்னரே அதைக் கலக்க வேண்டும்.

ஆயினும் ‘லிவர் டானிக்’ என விற்கப்படும் எந்தக் கலவையும் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை உண்ணத்தக்கதாக மாற்றிவிடாது. டானிக்குக்குச் செலவிடும் முன், புண்ணாக்கு மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவதும், ஐயத்துக்குரிய மூட்டையை ஆடு மாடுகளுக்கும் தராமல் அப்புறப்படுத்துவதும், பிடிபடும் மீன்களில் ஒன்றிரண்டை அறுத்துக் கல்லீரலின் நிறத்தைக் கவனிப்பதும் செய்யத்தக்கவை. நிறம் மாறியிருப்பின் மீன்வளத் துறையினரையோ, ஆலங்குடியை அடுத்த வம்பனிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ கலந்து, தீவனத்தைச் சோதனைக்கு அனுப்பலாம்.