மோட்டார் சைக்கிளுக்கு எந்த எண்ணெய்? விலையை அல்ல, போத்தலைத் திருப்பிப் பாருங்கள்!

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

ஜொகூர் பாருவில் விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு மோட்டார் ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். ஆகவே எஞ்சின் எண்ணெய் என்பது சின்ன விஷயம் அல்ல.

பல ஆண்டுகளுக்கு முன், வீட்டில் மிச்சமிருந்த கார் எண்ணெயை என் கப்சாயில் ஊற்றினேன். எண்ணெய் எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு. சில வாரங்களில், மேடு ஏறும்போது எஞ்சின் அலறும், வண்டி நகராது. கிளட்ச் தட்டுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு போத்தல் எண்ணெயை மிச்சப்படுத்தப் போய், அதைப் போல் பல மடங்கு செலவு!

ஏன் இப்படி ஆனது?

காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காகப் பல கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஆனால் கிளட்ச் பிடிப்பதே உராய்வினால்தான். அது குறைந்தால் கிளட்ச் வழுக்கும்.

போத்தலில் என்ன பார்ப்பது?

முதலாவது, ஜேஸோ எனும் ஜப்பானியத் தரக்குறி. இது 1998-இல் வந்தது. கிளட்ச் எண்ணெயில் இயங்கும் வண்டிகளுக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். எம்.பி. என்பது உராய்வு குறைந்த எண்ணெய். கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது.

இரண்டாவது, 10டபிள்யூ-40 போன்ற எண்கள். முதல் எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும். இரண்டாவது எண், சூடேறிய பிறகு அதன் கெட்டித்தன்மையைக் காட்டும். நம் நாடு வெப்பமானது என்பதற்காக எல்லோரும் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்ற வேண்டியதில்லை. புதிய எஞ்சினில் அளவுக்கு மீறிக் கெட்டியான எண்ணெய் இழுவையைக் குறைக்கும். பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். வண்டியுடன் தந்த கையேடு சொல்லும் எண்ணே சரி.

மூன்றாவது, ஏ.பி.ஐ. தரம். எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். என எழுத்து பின்னால் போகப் போகத் தரம் புதியது. ஆனால் இதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஜேஸோ குறியும் கூடவே இருக்க வேண்டும்.

வடிகட்டியும் முக்கியம்

சில சிறிய கப்சாய்களில் வலை மட்டுமே இருக்கும். அதைக் கழுவினால் போதும். காகித வடிகட்டி உள்ள வண்டிகளில் கையேடு சொல்லும் தவணையில் மாற்றிவிடுங்கள். அடைத்துக்கொண்டால் மாற்று வால்வு திறந்து, அழுக்கு எண்ணெய் அப்படியே எஞ்சினுக்குள் போகும். உருவம் ஒத்திருக்கிறது என்று வேறு வண்டியின் வடிகட்டியைப் போடாதீர்கள். அந்த வால்வு திறக்கும் அழுத்தம் வேறாக இருக்கலாம். சில வடிகட்டிகளில் 'வெளிப்புறம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைத் திருப்பி மாட்டினால் எண்ணெய் ஓட்டம் தடைப்பட்டு எஞ்சினே பழுதாகலாம். ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

காற்று வடிகட்டியையும் மறக்கக் கூடாது. எண்ணெய் தோய்ந்த காகித வடிகட்டியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

எப்போது மாற்றுவது?

கையேட்டில் உள்ள கிலோமீட்டரைப் பின்பற்றுங்கள். ஆனால் சோதனைச் சாவடி நெரிசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, மீட்டரோ நகர்வதில்லை. அப்படி ஓட்டுபவர்கள் சற்று முன்னதாகவே மாற்றுவது நல்லது. இடையில் வாரம் ஒருமுறை, வண்டியை நேராக நிறுத்தி, அளவுகோலைத் துடைத்து, கையேட்டில் உள்ளபடி எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். கப்சாய் எஞ்சின் பலவற்றில் ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான் இருக்கிறது. கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து.

சந்தையில் போலி எண்ணெயும் உண்டு. வழக்கத்தைவிட மிக மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். மூடியின் முத்திரை உங்கள் கண்முன்னே உடையட்டும். பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், பட்டறையிலேயே ஒப்படையுங்கள்.

அடுத்த முறை பட்டறைக்காரர் போத்தலை எடுக்கும்போது, "அண்ணே, ஒரு நிமிடம் காட்டுங்கள்" என்று வாங்கிப் பின்புறம் படியுங்கள். அந்த ஒரு நிமிடம் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைக் காப்பாற்றக்கூடும்.