உலோகங்களின் உள்ளரங்கம் – 11: விளக்கு போட்டால் காந்தம்

உலோக அயனியைச் சுற்றி மற்றவை எந்த வடிவில் அமர்கின்றன என்ற வாதத்தில், சென்ற இதழில் வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னரை வெற்றிக்கு இரண்டடி முன்னால் நிறுத்தியிருந்தோம். 1911-ல் அவருடைய அமெரிக்க மாணவர் விக்டர் கிங், சுமார் 2,000 முறை படிகமாக்கிப் பார்த்துச் சலித்த பிறகு, ஒரு கோபால்ட் அணைவுச் சேர்மத்தை வலஞ்சுழி, இடஞ்சுழி என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். சூரிக் தெருவில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் ‘ஒளி சுழன்றதா’ என்று விசாரித்ததாகக் கிங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஊருக்கே தெரிந்த ஆராய்ச்சி அது. எதிர்த்தரப்பு மட்டும் மசியவில்லை. சேர்மத்தில் கார்பன் இருக்கிறதே, முனைவுற்ற ஒளியைத் திருப்புவது அந்தக் கார்பனின் வேலை, கோபால்ட்டுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்டார்கள்.

1914-ல் வெர்னர் கொடுத்த பதிலின் பெயர் ஹெக்சால். அதில் மருந்துக்குக்கூடக் கார்பன் கிடையாது. நடுவில் ஒரு கோபால்ட் அயனி, சுற்றிலும் மூன்று. நடுவில் இருப்பதோடு ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு ஹைட்ராக்சைடு பாலங்கள் பிணைக்கின்றன. வெளியே உள்ள ஒவ்வொரு கோபால்ட்டிலும் நான்கு அம்மோனியா. மூன்று இறக்கை வைத்த மின்விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கைகளை எந்தப் பக்கம் சாய்த்துப் பொருத்தினோம் என்பதைப் பொறுத்து இரண்டு விதமாக விசிறி செய்யலாம். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம், எப்படித் திருப்பினாலும் ஒன்றாகாது. ஹெக்சாலும் அப்படித்தான். வெர்னர் இரண்டையும் பிரித்தார், ஒளி சுழன்றது, வாதம் முடிந்தது. இதில் ஒரு வேடிக்கை: இந்த உப்பை முதலில் தயாரித்தவர் வெர்னரின் பரம எதிராளி, கோபன்ஹேகனைச் சேர்ந்த யார்கென்சன். தன் அலமாரியில் இருந்த பொருளின் வடிவம் அவருக்குப் பிடிபடவில்லை.

சரி, ஒரே மூலக்கூறில் நான்கு கோபால்ட். கோபால்ட் உலோகமோ இரும்பைப் போலவே காந்தத்தில் ஒட்டும். அப்படியானால் ஹெக்சாலையும் காந்தம் இழுக்க வேண்டுமல்லவா? இழுக்காது. உணர முடியாத அளவுக்கு விலக்கத்தான் செய்யும். ஏனென்றால் அதிலுள்ள நான்கும் மூன்று நேர்மின்சுமை கொண்ட கோபால்ட். அவற்றின் டி ஆர்பிட்டால்களில் ஆறு எலக்ட்ரான்கள் மூன்று ஜோடிகளாக அடங்கியிருக்கின்றன. ஜோடிக்குள் ஒன்றின் தற்சுழற்சியை இன்னொன்று ரத்து செய்துவிடுகிறது. பூஜ்யத்தை நான்கு முறை கூட்டினாலும் பூஜ்யம்தான். பல உலோக அயனிகளைக் கோத்துவிட்டால் காந்தம் பிறந்துவிடும் என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு நேர்மின்சுமை கொண்ட கோபால்ட் ஆகிவிடும். ஏழு எலக்ட்ரான்கள், பெரும்பாலான சேர்மங்களில் மூன்று ஜோடியில்லாமல் தனித்து நிற்கும். அயனியும் பருத்துவிடும்: சுற்றியுள்ள நைட்ரஜன்கள் சுமார் 1.9 ஆங்ஸ்ட்ராம் தூரத்திலிருந்து 2.1-க்குத் தள்ளிப்போகின்றன. நிறமும் மாறுகிறது. நிறம், பருமன், காந்தம் மூன்றும் அந்த ஒற்றை எலக்ட்ரானின் கையில். அதைப் பக்கத்து உலோகத்திடமிருந்து வாங்கிக்கொள்ள முடியுமா?

பிளஸ் டூ ஆய்வகத்தில் இரும்பு உப்பைக் கண்டுபிடிக்க பொட்டாசியம் பெர்ரோசயனைடை ஊற்றியவர்களுக்குப் பிரஷ்யன் நீலம் தெரியும். இரும்பு, சயனைடு, இரும்பு, சயனைடு என்று முப்பரிமாணமாக நீளும் பின்னல் அது. சயனைடு பாலத்தின் வழியே எலக்ட்ரான் ஒரு இரும்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது விழுங்கும் ஒளிதான் அந்த அடர்நீலத்துக்குக் காரணம். இந்தப் பின்னலில் ஒரு வகை இரும்பை எடுத்துவிட்டுக் கோபால்ட்டை வைத்தார்கள் ஜப்பானியர்கள். சாட்டோ, இயோடா, ஃபுஜிஷிமா, ஹஷிமோட்டோ ஆகிய நால்வர் 1996-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, ஒளியால் காந்தத்தை மாற்றும் துறையையே திருப்பிப் போட்டது.

அந்தத் தூளைக் கடுமையாகக் குளிரவைத்துச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் காந்தத்தன்மை ஏறுகிறது. காந்தமாக ஒழுங்குபடும் வெப்பநிலை 16 கெல்வினிலிருந்து 19 கெல்வினுக்கு உயர்கிறது. விளக்கை அணைத்த பிறகும் அது அப்படியே நிற்கிறது. நீல ஒளியைக் காட்டினால் ஓரளவு திரும்பிவிடுகிறது. உள்ளே நடப்பது இதுதான்: சிவப்பு ஒளி இரும்பிலிருந்து ஒரு எலக்ட்ரானை சயனைடு வழியே கோபால்ட்டுக்குத் தள்ளுகிறது. அப்படித் தாவல் நடக்கும் ஜோடியில் அதுவரை இரண்டிலும் தனித்த எலக்ட்ரான் இல்லை. இப்போது இரும்பில் ஒன்று, கோபால்ட்டில் மூன்று. இரு தரப்பும் எதிரெதிர்த் திசையில் அணிவகுத்தாலும் கணக்கு நேராகாது, மிச்சம்தான் காந்தம். பருத்துவிட்ட கோபால்ட்டுக்கு மறுபடி சுருங்க ஆற்றல் வேண்டும். அந்தக் குளிரில் அது கிடைக்காததால் எலக்ட்ரான் வந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சங்கதி வேறு. பாரிஸில் மிஷேல் வெர்டகேர் குழுவினர் இந்தப் பொருளைத் துருவிப் பார்த்தபோது, பின்னலில் பழுதே இல்லாவிட்டால் வித்தை பலிப்பதில்லை என்று தெரிந்தது. ஆங்காங்கே இரும்புசயனைடு விட்டுப்போன ஓட்டைகள் இருக்க வேண்டும். கோபால்ட் பருக்கும்போது பின்னல் விலகிக்கொடுக்க அந்த ஓட்டைகள்தான் இடம் தருகின்றன.

முடிவில்லாத பின்னலிலிருந்து ஒரே ஒரு பெட்டியை வெட்டியெடுத்தது போன்ற மூலக்கூறு 2008-ல் வந்தது. கனசதுரத்தின் எட்டு மூலைகளில் நான்கு கோபால்ட், நான்கு இரும்பு. பன்னிரண்டு விளிம்புகளில் சயனைடு. அமெரிக்க, பிரெஞ்சு வேதியியலாளர்கள் சேர்ந்து செய்த வேலை. குளிரவைத்தாலே இதன் நிறமும் காந்தத்தன்மையும் மாறும். குளிர்ந்த நிலையில் ஒளி பட்டால் பழையபடி திரும்பும். ஒளியால் வந்த நிலை 120 கெல்வினில் ஏறக்குறைய 10 ஆண்டு தாங்கும் என்பது அவர்கள் கணக்கு.

இனி கணினி வட்டில் ஒளியால் எழுதலாம் என்று செய்திகள் வந்தால் அவசரப்பட்டு நம்ப வேண்டாம். 19 கெல்வின் என்பது மைனஸ் 254 டிகிரி செல்சியஸ். 120 கெல்வின்கூட மைனஸ் 153 டிகிரி. இந்தக் குளிரைச் சுமந்துகொண்டு எந்தக் கருவியும் கடைக்கு வராது. அறை வெப்பநிலையில் வேலை செய்யும் பிரஷ்யன் நீலக் காந்தம் இல்லாமல் இல்லை. வெர்டகேர் குழு 1995-லேயே 42 டிகிரி செல்சியஸ் வரை காந்தமாக இருக்கும் ஒன்றைச் செய்துவிட்டது. ஆனால் அதில் கோபால்ட் கிடையாது. வனேடியமும் குரோமியமும் சேர்ந்த அந்த ஜோடியை அடுத்த வாரம் பார்ப்போம்.