அரிசி ஆலையில் அசல் பாகமும் வெளிப் பாகமும்

நவீன அரிசி ஆலையின் ஷெல்லர் இயந்திரத்தில், எதிரெதிர்த் திசையில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு ரப்பர் உருளைகளுக்கு இடையே நெல் நுழையும்போது, அவ்வேக வேறுபாட்டால் எழும் உராய்வே உமியை உரித்தெடுக்கிறது. நெல்லோடு ரப்பரும் தேய்வதால் உருளைகளை அடிக்கடி மாற்றியாக வேண்டும். இயந்திரத்தைச் செய்த நிறுவனம் விற்கும் அசல் உருளையை வாங்குவதா, அதே அளவில் வேறொரு நிறுவனம் மலிவாகத் தரும் வெளிப் பாகத்தை வாங்குவதா என்ற கேள்வி அப்போதெல்லாம் எழுகிறது.

முழு இயந்திரத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. குறிப்பிட்ட பாகத்தின் அளவையும் தன்மையையும் வரையறுத்தவர் யார் என்பதைப் பொறுத்தே விடை அமையும். பேரிங்கின் புற அளவுகள் பன்னாட்டுத் தரநிலைக்கு உட்பட்டவை. 6205 என்ற எண்ணுள்ள பேரிங், யார் செய்தாலும் 25 மி.மீ. உள்விட்டமும் 52 மி.மீ. வெளிவிட்டமும் 15 மி.மீ. அகலமும் கொண்டிருக்கும். இயந்திர நிறுவனங்கள் பொதுவாகப் பேரிங்கை வெளியில் வாங்கியே பொருத்துவதால், அதையே அவற்றின் உறையில் கூடுதல் விலைக்கு வாங்குவதில் பெரும் பயனில்லை. எனினும் எண்ணை அடுத்து வரும் குறியையும் பார்க்க வேண்டும். சி3 என்பது, சூட்டில் உலோகம் விரிய இடம் தரும் வகையில், குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் இடையே வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடப்பட்டிருப்பதைக் காட்டும். அது தேவைப்படும் இடத்தில் சாதாரணப் பேரிங்கைப் பூட்டினால், கச்சிதமாகப் பொருந்தியும் விரைவில் கெட்டுப்போகலாம். புகழ்பெற்ற பெயரைத் திருட்டுத்தனமாகப் பொறித்து வரும் போலியையும், தன் பெயரிலேயே விற்கப்படும் வெளிப் பாகத்தையும் ஒன்றாக எண்ணுவது பின்னதற்கு இழைக்கும் அநீதி.

ரப்பர் உருளையில் தீர்ப்பு இவ்வளவு எளிதன்று. அளவை நாடாவால் அளந்துவிடலாம், கலவையின் கடினத்தன்மையை அப்படி அறிய முடியாது. மிகக் கடினமான ரப்பர் அரிசியை உடைத்து நொய்யை மிகுவிக்கும். மிக மென்மையானது விரைவில் தேயும். ஆகவே விலைப்பட்டியலைவிட, ஓர் இணை உருளை எத்தனை டன் நெல்லை உரித்தது, அதில் நொய் எவ்வளவு விழுந்தது என்னும் ஆலையின் சொந்தக் கணக்கே நம்பத்தக்கது. நெல் ரகமும் ஈரப்பதமும் ஒத்திருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும். மேலும், வேகமாகச் சுழலும் உருளை முதலில் தேய்வதால் இரண்டையும் அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். அதைச் செய்யாத ஆலை, தன் பராமரிப்புக் குறையை உருளையின் தரக்குறைவாகக் கணக்கெழுத நேரிடும்.

நிறம் மாறிய அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டரில், நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் திறந்து மூடும் வால்வுகள் கேமராவின் கட்டளைக்கு இம்மியும் பிசகாமல் இயங்க வேண்டியிருப்பதால், அங்கு அசல் பாகமே தகும். உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரம் எதுவாயினும், வெளிப் பாகத்தைப் பூட்டுமுன் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.