அந்த ஒன்பது செகண்ட்!

"கையில செல்போன் இருக்கு. அமுக்கினா படம் வருது. இதைக் கத்துக்க ரெண்டு வருஷம் பல்கலைக்கழகமா?"

டாகுமெண்ட்டரி எடுக்கச் சொல்லித் தரும் எம்.ஏ. கோர்ஸில் நான் சேர்ந்தபோது மாமா கேட்ட கேள்வி. எனக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான்!

முதல் வாரம் கேமராவையே கண்ணில் காட்டவில்லை. எங்களை ஒரு காலி ஹாலில் வாயை மூடி நிற்க வைத்து, 30 செகண்ட் 'மௌன'த்தைப் பதிவு செய்யச் சொன்னார் புரொபஸர். போட்டுக் கேட்டால்... மின்விசிறியின் முனகல், தூரத்து ஹாரன்! ஒவ்வொரு இடத்துக்கும் தனி மௌனம் உண்டாம். பேட்டியை வெட்டி ஒட்டும்போது இதை அடியில் ஓடவிட்டால், ஒட்டு காதுக்குத் தெரியாது. 'அட, தையல் வேலை!' என்று குஷியாகிவிட்டேன். வினையே அதில்தான்.

5 நிமிஷப் படத்துக்கு நான் பிடித்த ஆள், ஒரு பிளாட்பார வாட்ச் ரிப்பேர்காரர். 70 வயசு. 3 மணி நேரம் பேசினார். நடுவில், "பையன் பெங்களூர்ல இருக்கான். இந்தப் பக்கம் வர்றதே இல்ல... அவன் ஷிப்ட் அப்படி. ஆனா, ராத்திரி ஒம்பது அடிச்சா போன் வந்துடும்" என்றார்.

'வர்றதே இல்ல'வோடு கத்தரித்தேன். அடுத்து, நின்றுபோன கடிகாரம் ஒன்றுக்கு க்ளோஸப். பின்னணியில் புல்லாங்குழல். வகுப்பில் ரெண்டு பேர் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள். எனக்கு ஆஸ்காரே கிடைத்த மாதிரி!

"வெட்டாததைப் போடு" என்றார் புரொபஸர். போட்டேன். வகுப்பில் கனத்த மௌனம். (அதை யாரும் பதிவு செய்யவில்லை!)

"எடிட்டிங்னா வெட்டித்தானே ஸார் ஆகணும்?" என்று முனகினேன்.

"வெட்டலாம். ஏ.கே.செட்டியார் காந்தி படத்துக்காக ஊர் ஊரா, நாடு நாடா அலைஞ்சு 50,000 அடி ஃபிலிம் சேர்த்தார். அதுல வெட்டினது போகத்தான் 1940-ல் படம் வந்தது. ஆனா, 1922-ல் வந்த 'நானூக் ஆஃப் த நார்த்'ல, துப்பாக்கி வெச்சிருந்த மக்களை ஈட்டியோட வேட்டையாட வெச்சார் ஃபிளாஹர்ட்டி. நூறு வருஷம் தாண்டியும் அதைச் சொல்லிக் காட்டிட்டிருக்காங்க. நீ பொய்யைச் சேர்க்கலை. உண்மையில பாதியை எடுத்துட்டே. போய், அந்தப் பெரியவர்கிட்டயே காட்டு."

காட்டினேன். ஒற்றைக் கண் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, முழுசாகப் பார்த்தார். திட்டவில்லை. "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா, எம் புள்ள இதைப் பார்த்தான்னா, ராத்திரி போன்ல அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே அந்த ஒன்பது செகண்டைத் திரும்ப ஒட்டினேன். புல்லாங்குழல் போச்சு. அவரிடம் அனுமதி கேட்டு, மறுநாள் இரவு கடை கட்டும் நேரத்தில் கேமராவோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். 9 மணி. போன் அடித்தது. "சாப்டியாப்பா?" என்றார். படம் அங்கே முடிகிறது. இந்த முறை யாரும் அழவில்லை. புரொபஸர் மட்டும் லேசாகச் சிரித்தார்.

மாமாவுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அமுக்கக் கற்றுக்கொள்ள ஒரு நிமிஷம் போதும் மாமா. எதை வெட்டக் கூடாது என்று கற்றுக்கொள்ள... ரெண்டு வருஷமே பத்தாது போலிருக்கிறது!