கலோரிக் கணக்கு நாளடைவில் எளிதாகுமா?

உடல் எடையைக் குறைக்க வேண்டுமென்று வைத்தியர் சொல்லியோ, தாமாகவே சங்கல்பம் செய்துகொண்டோ, உண்ணும் ஆகாரத்தையெல்லாம் கலோரிக் கணக்கில் எழுதி வைக்கத் தொடங்குகிறவர்கள், இரண்டாவது வாரத்திலோ மூன்றாவது வாரத்திலோ தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பாடு எத்தனை காலத்துக்கு, நாள் போகப் போக இது சுலபமாகுமா, அல்லது ஆயுள் முழுவதும் தராசும் கையுமாகவே இருக்க வேண்டுமா என்பதுதான் அது. கேட்பவரின் மனத்திலிருக்கும் சோர்வை உணர்ந்தே இதற்கு விடை சொல்ல வேண்டும். "எல்லாம் பழகிவிடும்" என்று தேற்றி அனுப்பிவிடுவது அவருக்கு நாம் செய்கிற உபகாரமாகாது. இந்தக் காரியத்தில் கையால் நாம் செய்கிற வேலை ஒன்று. சரீரம் தன் போக்கில் செய்கிற வேலை மற்றொன்று. முன்னது சில மாதங்களில் இலகுவாகிறது. பின்னது அதே மாதங்களில்தான் கடினமாகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர்கள், கணக்கெழுதுவது கைவந்த பின்னும் எடை இறங்க மறுப்பதைக் கண்டு, தம்முடைய மன உறுதியில்தான் ஏதோ குறையிருக்கிறதென்று வருந்தி, செய்து வந்ததையும் விட்டுவிடுகிறார்கள். அந்த வருத்தம் அவர்களுக்கு வேண்டாதது.

எண்கள் வந்த வழி

இன்று நாம் கையாளும் எண்களுக்கு ஆதாரமாயிருப்பவை, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் நகரில், வெஸ்லியன் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த வில்பர் அட்வாட்டர் 1890-களில் தொடங்கிச் செய்த ஆராய்ச்சிகள். ஒரு மனிதன் நாட்கணக்கில் உள்ளேயே தங்கி உண்ணவும் உறங்கவும் உழைக்கவும் தக்க ஓர் அறையைக் கட்டி, அவன் உடலிலிருந்து வெளிப்படும் உஷ்ணத்தையும் அவன் விடும் மூச்சையும் அளந்து பார்த்தவர் அவர். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராம் ஒன்றுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்ற பிரமாணம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நம் நாட்டு உணவுகளுக்கான அட்டவணை நீலகிரியில் பிறந்தது. ராபர்ட் மக்காரிசன் 1918-இல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்துக்குள் சிறிய அளவில் ஆரம்பித்த ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து, அவருக்குப் பின் தலைமை ஏற்ற அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைத் தொகுத்து வெளியிட்டார். அந்தக் கூடமே 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இப்பொழுது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அது 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இடம்பெற்றிருக்கின்றன. அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் சக்தியின் அளவு கிலோஜூலில் தரப்பட்டிருக்கிறது; அரிசிக்கு எதிரே ஏறக்குறைய 1,490 என்று கண்டு திடுக்கிட வேண்டியதில்லை. 4.184 ஆல் வகுத்தால் நமக்குப் பழக்கமான 356 கலோரி கிடைத்துவிடும்.

கை பழகுகிறது

முதல் சில வாரங்களில் ஒவ்வொரு கவளத்துக்கும் அட்டவணையைத் தேட வேண்டியிருக்கிறது. காலையில் இட்டலி, தொட்டுக்கொள்ளச் சட்னி, பத்து மணிக்குக் காப்பி, மத்தியானம் சாதமும் சாம்பாரும் பொரியலும் மோரும் என்று எழுதத் தொடங்கியதும், ஒரு கரண்டிச் சட்னிக்குள்ளேயே தேங்காய், பொட்டுக்கடலை, தாளித்த எண்ணெய் என்று மூன்று கணக்குகள் அடங்கியிருப்பதைக் கண்டு மலைத்துப் போகிறோம். ஆனால் ஒரு குடும்பத்தின் சமையல், பார்வைக்குப் பலவிதமாகத் தோன்றினாலும், பழகிய சில பதார்த்தங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவதாகும். அவை ஒவ்வொன்றையும் ஒருமுறை நிறுத்துக் கணக்கிட்டு, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைத்துவிட்டால், அடுத்த முறை பார்த்து எழுதுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

இது வெறும் யூகமன்று. வெர்மான்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜீன் ஹார்வியும் அவருடைய சகாக்களும் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எடைக்குறைப்புத் திட்டமொன்றில் சேர்ந்த 142 பேர், 24 வார காலம் தாம் உண்டவற்றைக் கணினி வழியே பதிவு செய்து வந்தார்கள். முதல் மாதத்தில் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 23 நிமிஷத்துக்குச் சற்று மேலாகச் செலவாயிற்று. ஆறாவது மாதத்தில் அது 15 நிமிஷத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இதைக் காட்டிலும் முக்கியமான விஷயம் ஒன்றையும் அவர்கள் கண்டார்கள். மிகுதியாக எடை குறைந்தவர்கள் நீண்ட நேரம் உட்கார்ந்து எழுதியவர்கள் அல்லர். உண்டவுடன் அவ்வப்பொழுது, ஒரு நாளில் பல தடவை எழுதியவர்களே. இரவில் படுக்கப் போகுமுன் அன்றைய ஆகாரத்தையெல்லாம் ஞாபகப்படுத்தி எழுதுகிறவருக்கு, மாலையில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்ட முறுக்கு நினைவுக்கு வராமற்போவது இயல்புதானே!

புதிய பழக்கமொன்று தானாக நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாளாகும் என்பதை லண்டனில் ஃபிலிப்பா லாலி ஆராய்ந்தபொழுது, நடுவான அளவு 66 நாள் என்று கண்டார். ஆயினும் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை அது வேறுபட்டது. ஆகையால் மூன்று வாரத்தில் பழகவில்லையே என்று ஒருவரும் மனம் தளர வேண்டாம்.

எண்ணெய்த் தூக்கும் சாதப் பானையும்

நம் சமையலறையில் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் சாதமன்று, எண்ணெய் என்பது என் திடமான அபிப்பிராயம். சாதம் தட்டில் குவிந்து கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணெயோ கத்தரிக்காய்க்குள்ளும் தோசைக்குள்ளும் கலந்து மறைந்துவிடுகிறது. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவாகிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம். கிராமுக்கு 9 வீதம் அது 8,190 கலோரி. ஆளுக்கு ஒரு லிட்டரானால் நாளொன்றுக்கு 270 கலோரிக்கு மேல் ஒருவர் எண்ணெயாக மட்டுமே உட்கொள்கிறார். உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி போதுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் வருஷத்துக் கணக்கு சொல்லுகிறது. அதில் ஆறில் ஒரு பங்கு, அவர் தட்டைப் பார்த்து எழுதும் நோட்டில் ஏறாமலே போய்விடக்கூடும்.

இதற்குப் பரிகாரம் எளியது. சமைக்கத் தொடங்குமுன் எண்ணெய்த் தூக்கைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, சமையல் முடிந்ததும் மறுபடி நிறுத்தால், குறைந்த கிராம் எவ்வளவோ அவ்வளவும் அன்றைய குழம்புக்கும் பொரியலுக்கும் சென்றது. அதை உண்டவர்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். மாதச் சாமான் சீட்டைப் பார்த்து மேலே சொன்னபடி வகுத்துக்கொள்வது இன்னும் சுருக்கமான வழி. பலகாரம் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கழித்துக்கொள்ள மறக்கலாகாது.

சாதத்துக்கு வேறொரு முறை. வெந்த சாதத்தின் எடை, நீர் எவ்வளவு விட்டோம், குக்கரில் வைத்தோமா அல்லது கஞ்சி வடித்தோமா என்பதைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். அரிசியின் கணக்கோ மாறாதது. 300 கிராம் அரிசிக்கு 1,068 கலோரி. அது வெந்து 850 கிராம் சாதமாகியிருந்தால் 100 கிராம் சாதத்துக்கு 125 கலோரிக்குச் சற்று மேல். கஞ்சியை வடித்துவிட்டால் மாவுச்சத்தில் சிறிது அதனோடு போய்விடுமாதலால், உண்மை அளவு இதற்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

கண்ணை நம்பலாகாது

பழக்கத்தினால் வருகிற சௌகரியத்தோடு ஓர் அபாயமும் உடன் வருகிறது. தராசைப் பல நாள் பயன்படுத்தியவர், இனிக் கண்ணளவே போதுமென்று அதை எடுத்து வைத்துவிடுகிறார். சில வாரம் அந்தக் கண்ணளவு சரியாகவே இருக்கும். பிறகு கரண்டி அறியாமலே நிறைகிறது; நோட்டில் மட்டும் பழைய எண்ணே எழுதப்படுகிறது. 1992-இல் நியூயார்க்கில் ஸ்டீவன் லிக்ட்மன் குழுவினர், 1,200 கலோரிக்குக் குறைவாக உண்டும் எடை குறையவில்லையென்று சொன்னவர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்கள். அவர்கள் உண்மையில் உட்கொண்டதில் ஏறக்குறைய பாதியைத் தம்மை அறியாமலே குறைத்துச் சொல்லியிருந்தார்கள். செய்த உழைப்பைப் பாதி மடங்கு மிகைப்படுத்தியிருந்தார்கள். அவர்களுடைய சரீரத்தின் தகனம் குன்றியிருக்கவில்லை. இதைப் பொய் என்று எண்ணுவது பெரும் அநியாயம். மனித ஞாபகத்தின் சுபாவம் அது.

என் சித்தி ஒருவர் அடுப்பங்கரை ஜன்னலிலேயே நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு, இட்டலியும் சாதமும் கிராம் பிசகாமல் எழுதி வந்தார். எடை இறங்கவில்லை. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த உருளைக்கிழங்கையும், வாணலியின் அடியில் ஒட்டிய நெய்ப் பொங்கலையும், ருசி பார்க்க உள்ளங்கையில் விட்டுக்கொண்ட பாயசத்தையும் அவர் எழுதுவதில்லை. ஏனென்று கேட்டபொழுது, "அதெல்லாம் ஒரு சாப்பாடாப்பா?" என்றார். வீட்டில் எல்லோரும் உண்ட பின் கடைசியில் உட்காரும் பெண்களுக்கு, வீணாகக் கூடாதென்று வாயிலிடுவது உணவாகவே தோன்றுவதில்லை. இவர்களைக் கடிந்துகொள்வதனால் பயனில்லை; மிச்சத்தையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துப் பார்த்தால் அதன் அளவு தானே விளங்கிவிடும். மாதத்தில் ஒரு வாரமாவது தராசை மறுபடியும் வெளியே எடுத்து எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பது, கணக்கில் தேர்ந்தவருக்கும் அவசியம்.

சரீரத்தின் எதிர்ப்பு

எடை குறையக் குறையச் சரீரம் இரண்டு வகையில் எதிர்த்து நிற்கிறது. உடல் சிறுத்துவிட்டபடியால் அதைச் சுமந்து நடக்கவும் போஷிக்கவும் முன்னைவிடக் குறைந்த சக்தியே தேவைப்படுகிறது. அதே சமயம் பசி வளர்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2016-இல் கணக்கிட்டதில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றின் செலவு 20 முதல் 30 கலோரி வரை தாழ, பசியின் உந்துதலோ 100 கலோரி அளவுக்கு உயர்வது தெரிந்தது. ஐந்து கிலோ குறைந்த ஒருவரின் நிலையை இதைக்கொண்டு எண்ணிப் பாருங்கள். அவர் முதல் நாள் கட்டுப்பாட்டோடு உண்ட அதே அளவை இன்றும் உண்பதற்கு, அன்றைவிட எவ்வளவோ அதிகமான பிரயத்தனம் செய்ய வேண்டியிருக்கிறது. கை சுலபமாக எழுதுகிறது. வயிறு சுலபத்தில் அடங்குவதில்லை. இதை முன்கூட்டியே அறிந்திருந்தால், ஐந்தாவது மாதத்தில் திடீரென்று மிகுந்துவரும் பசியைத் தம் ஒழுக்கக்கேடென்று ஒருவர் நினைக்கமாட்டார்.

நாள்தோறும் 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோ குறையுமென்ற வாய்பாடு, மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற வைத்தியர் 1958-இல் எழுதியதை ஒட்டி வழங்கி வருவது. ஆரம்பத்தில் அது ஓரளவு பொருந்தும். மாதங்கள் செல்லச் செல்ல, மேலே சொன்ன காரணத்தினால் பொருந்தாமற்போகும். ஆகவே நான்கைந்து கிலோ இறங்கியதும் அன்றாட இலக்கைப் புதிய எடைக்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்காக ஆகாரத்தை மேலும் மேலும் சுருக்கிக்கொண்டே போவதும் தகாது. பருப்பு, பயறு, முட்டை, மீன் முதலிய புரத உணவுகளையும் காய்கறிகளையும் கூட்டினால், அதே கலோரியில் பசி சற்று நேரம் தாங்கும். நல்ல உறக்கமும் பசியைத் தணிக்க உதவும். சில காலம் குறைப்பதை நிறுத்தி, வந்த எடையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதும் தோல்வியன்று.

ஆண்டுகள் கழிந்த பின்

நம்பிக்கைக்கு இடமில்லையோ என்று ஒருவர் இங்கே கேட்கலாம். இடமுண்டு. அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் ஆகிய இருவரும் 1994-இல் தொடங்கிய பதிவேட்டில், 13.6 கிலோவுக்குக் குறையாமல் இழந்து அதை ஓராண்டாவது திரும்ப வராமல் காத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய பழக்கவழக்கங்களை விசாரித்து வருகிறார்கள். அவர்களைக் கொண்டு 2000-இல் வெளியான ஆராய்ச்சியொன்று, எடையைக் காத்த காலம் நீள நீள அதற்காகச் செலுத்த வேண்டிய கவனமும் முயற்சியும் குறைந்து வந்ததாகக் காட்டிற்று. வெற்றி பெற்றவர்கள் மட்டுமே சேர்ந்த பதிவேடு அது என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும். இடையிலுள்ள இரண்டு மூன்று வருஷங்கள்தாம் கடினமான காலம் என்று கொள்வதற்கு இது போதிய ஆதாரமென்று நான் நினைக்கிறேன். அந்தக் காலம் முழுவதும் நோட்டெழுத வேண்டுமென்பதில்லை. அளவுகள் மனத்தில் பதிந்த பின் எழுதுவதை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை காலையில் எடை பார்த்துக்கொண்டு, இரண்டு கிலோ ஏறியதும் சில வாரம் மறுபடி எழுதுகிறவர்கள் அதிகம் சிரமப்படாமல் சமாளிக்கிறார்கள்.

விலகி நிற்க வேண்டியவர்கள்

கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், வளரும் பிள்ளைகளும் வைத்தியர் சொல்லாமல் இந்தக் கணக்கில் இறங்கவே கூடாது. உணவைக் கண்டாலே பயமும் குற்ற உணர்ச்சியும் கொள்கிறவர்கள், உண்டதை வலிய வாந்தியெடுக்கிறவர்கள், எண் ஒன்று கூடியதற்காக அடுத்த வேளையைப் பட்டினி போடுகிறவர்கள் ஆகியோருக்கு நோட்டும் தராசும் நோயை வளர்க்கும் சாதனங்களாகிவிடும். அவர்களுக்கு வேண்டியது மனநல வைத்தியரின் உதவி. வீட்டிலுள்ள இளம்பெண் எதையும் எண்ணி எண்ணி ஒதுக்கத் தொடங்கினால், பெற்றோர் அதைப் பாராட்டாமல் கவலையோடு கவனிக்க வேண்டும்.

நீரிழிவுக்காக இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. மருந்தின் அளவு பழையபடியே இருக்க ஆகாரத்தை மட்டும் குறைத்துவிட்டால், இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் உண்டாகும். கவனியாவிட்டால் மயக்கத்திலும் கொண்டுபோய் விடும். அப்படி நேரும்பொழுது, நினைவு தெளிவாக இருக்கிறவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுத்து, கால் மணி நேரத்துக்குப் பின் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்து, குறைவு நீங்காவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் புகட்டாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அந்தச் சர்க்கரையில் உள்ள 60 கலோரியை எண்ணி ஒருவரும் தயங்கலாகாது. அன்றைக்கே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவைத் திருத்திக்கொண்ட பிறகே, ஆகாரத்தைக் குறைப்பதைத் தொடரலாம்.